பழைய கம்ப்யூட்டரும் ஏழாம் இடத்துச் செவ்வாயும்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை 6.40க்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். குளித்து, திருநீறு பூசி, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் பதினான்கு நிமிடம். போன மாதம் பதினொன்று. மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் நான். எதையும் குறித்து வைக்காமல் இருக்க முடிவதில்லை.

மகள் இந்து, ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும்போது மறுபடியும் ஆரம்பித்தாள். அங்கே பிசியோதெரபி பிரிவில் இருக்கிறாள்.

"தீபாவளிக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கித் தர்றேன்ப்பா. இத எடைக்குப் போட்டுருவோம்."

"இது உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

"பத்தொம்பது வயசாச்சுப்பா. மனுஷனா இருந்தா கை கால நீட்டி மடக்கச் சொல்லித் தருவேன். இதுக்கு என்ன பண்றது?"

வேண்டாம் என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. என் ஜாதக புரோகிராம் 2006இல் வாங்கியது. அதோடு விரல் நீளத்துக்கு ஒரு பூட்டு கொடுத்தார்கள். கம்ப்யூட்டரின் முதுகில், பிரின்டர் வயர் செருகும் இடத்தில், அந்தப் பூட்டு இருந்தால்தான் புரோகிராம் திறக்கும். இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே கிடையாதாம். உறையூரிலும் சொந்தத்திலுமாக 341 பேருக்கு நான் ஜாதகம் கணித்து அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் இந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன.

இன்னொன்று, வீட்டில் கல்யாணம் கூடி வந்திருக்கிற நேரத்தில் எதையும் மாற்ற மனம் இல்லை. இந்துவுக்கு ஏழில் செவ்வாய். பதினோரு வருஷம் தேடி, அவளுக்கு முப்பத்தைந்து ஆகப்போகிற சமயத்தில், புதுக்கோட்டையில் மணிவாசகம் என்று ஒரு கல்லூரி நூலகர் கிடைத்திருக்கிறார். வயது நாற்பத்தொன்று. அவருக்கு எட்டில் செவ்வாய். தோஷத்துக்குத் தோஷம் சரியாகிவிட்டது. ஐப்பசி 17 நிச்சயதார்த்தம், தையில் கல்யாணம்.

செவ்வாய் விஷயத்தில் நான் ரொம்பக் கெடுபிடி என்று மங்கை சொல்வாள். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள், சொல்ல உரிமை உண்டு. ஆனால் அவள் என் தங்கை சாரதாவைப் பார்த்ததில்லை. சாரதாவுடையது செவ்வாய் தோஷம் இல்லாத சுத்த ஜாதகம். எட்டில் செவ்வாய் இருந்தவருக்கு, பொருத்தம் பார்க்காமல் கட்டிக்கொடுத்தோம். இரண்டாம் வருஷம் பிரசவத்தில் போய்விட்டாள். வயது இருபத்தொன்று. அதற்கப்புறம்தான் நான் ஜோதிடம் படிக்க உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

பதினைந்து நிமிடம். மவுஸின் சக்கரம் சுற்றவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. இரண்டையும் சொன்னேன். மங்கை உப்பு ஜாடியை என் பக்கம் நகர்த்தினாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

சம்பந்தியம்மா போன் செய்தார். இந்துவின் ஜாதகத்தை, தசாபுத்திப் பக்கங்களோடு, அவர்களுடைய ஜோசியருக்குப் போனில் அனுப்ப வேண்டுமாம். என் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் திறந்து இரண்டு வருஷம் ஆகிறது. சரி, பார்க்கலாம் என்று கடைத்தெரு பெனடிக்டை வரச் சொன்னேன். எனக்கு இந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்ததே அவர்தான். அப்போது தலை நிறைய முடி இருந்தது.

பெட்டியைத் திறந்து ஊதினார். தூசியில் ஹாலே மங்கிப்போய்விட்டது. உள்ளே பல்லி முட்டை ஓடு இரண்டு இருந்தது.

"மெமரி கூட்டிப் போட்டா ஓடாதா?" என்று கேட்டேன்.

"இதுக்கு மெமரி இப்ப மியூசியத்துலதான் சார் கெடைக்கும். புது விண்டோஸ் இதுல ஏறாது. ஏத்துனாலும் உங்க பூட்டு அதுல வேலை செய்யாது. பெட்டிய மாத்துங்க, புரோகிராமையும் மாத்துங்க. ஞாயித்துக்கிழமை என் லேப்டாப்ப கொண்டாந்து புதுசு எப்படி இருக்குன்னு காட்டுறேன். புடிச்சா வாங்குங்க."

அவர் போனதும் ஹாலைப் பெருக்கியவன் நான்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெனடிக்ட் பத்தரைக்கு வந்தார். லேப்டாப்பில் புதுப் புரோகிராம் ஒரு நிமிடம்கூட ஆகாமல் திறந்தது. கலர் கலராக இருந்தது. எனக்கு ஆசை வந்தது உண்மை.

"ஒரு பொறந்த தேதி சொல்லுங்க சார், போட்டுக் காட்டுறேன்."

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான். 1990 நவம்பர் 24, காலை 8.40, மஸ்கட். நாங்கள் அங்கே இருந்தபோதுதான் இந்து பிறந்தாள். மஸ்கட் என்று இரண்டு எழுத்து அடிப்பதற்குள் மீதியை அதுவே போட்டுக்கொண்டது. கட்டம் வந்தது. லக்னம் தனுசு என்றது.

"இது தப்பு. விருச்சிகம் வரணும்."

"அதென்ன சார் லக்னம்? எங்க வீட்ல இதெல்லாம் பாக்குறதில்ல."

"பொறக்குற நேரத்துல கிழக்கால எந்த ராசி எழும்புதோ, அது. அத ஒண்ணாவது கட்டமா வெச்சுத்தான் மத்ததெல்லாம் எண்ணணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாறும்."

"அப்ப ஒரு கட்டம் தள்ளிப் போயிருந்தா?"

"எல்லாமே தள்ளிப் போயிரும்."

சொல்லிக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். தனுசிலிருந்து எண்ணினால் செவ்வாய் ஏழில் இல்லை, ஆறில் நின்றது. ஆறில் இருந்தால் தோஷமே கிடையாது.

இந்து டீ கொண்டுவந்து வைத்தாள். திரையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தலை குளித்த ஈரம், காயவைக்கப் போயிருப்பாள்.

இந்தப் புரோகிராமே கோளாறு என்று சொல்லி பெனடிக்டை அனுப்பிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

கம்ப்யூட்டரைப் போடவில்லை. கடைத்தெருவுக்கு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

செப்டம்பர் 17, புதன்

நேற்றும் இன்றும் கையால் கணக்குப் போட்டேன். கார்த்திகை மாதம், சூரியன் விருச்சிகத்தில். மஸ்கட்டில் அன்று சூரிய உதயம் ஏறக்குறைய 6.25. எட்டே கால் ஆவதற்கு முன்பே விருச்சிகம் முடிந்து தனுசு எழும்பிவிடுகிறது. இந்து பிறந்தது 8.40. நான்கு முறை போட்டேன். நான்கு முறையும் தனுசு.

பிறகு பழைய கம்ப்யூட்டரைப் போட்டு, இந்துவின் ஜாதகத்தைத் திறந்து, விவரம் கொடுக்கிற பக்கத்தை வரி வரியாகப் பார்த்தேன். ஊர் மஸ்கட் என்று இருக்கிறது. அதற்குக் கீழே நேர வித்தியாசம் என்று ஒரு சின்னக் கட்டம். அதில் 5.30 என்று இருக்கிறது. அது நம் நாட்டு நேரம். மஸ்கட்டுக்கு 4.00 இருக்க வேண்டும். ஊரை மாற்றினால் இந்தப் புரோகிராமில் நேரம் தானாக மாறாது. கையால் மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை. ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போய்விட்டது. மற்ற 340 பேரும் இங்கே பிறந்தவர்கள், அதனால் பிழை வெளியே வரவில்லை. ஸ்டோரில் பதினெட்டு வருஷம் ஒரு நட்டு போல்ட்டு கணக்கில் குறைந்ததில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், பெற்ற பெண்ணுக்கு ஒரு கட்டத்தைச் சரி பார்க்கவில்லை.

2018இல் தினகர் என்று ஒரு பையன். இந்துவின் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே பிரிவில் இருந்தான். இந்துவே கூட்டிக்கொண்டு வந்தாள். சுத்த ஜாதகம். "இவளுக்கு ஏழுல செவ்வாய் தம்பி. உங்க ஆயுசுக்கு ஆகாது" என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் எழுந்து, வர்றேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான், இரண்டு பெண் குழந்தைகள். அந்தச் சமயத்தில் இந்து போனிலிருந்து எடுத்த ஏதோ ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

புதுசு வேண்டாம் என்று பெனடிக்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். பழசே நன்றாகத்தான் இருக்கிறது. இன்று பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

சமயபுரம் போகிற வழியில் சம்பந்தியம்மாவும் மணிவாசகமும் வீட்டுக்கு வந்தார்கள். மனிதருக்கு முன் வழுக்கை. அதிகம் பேசுவதில்லை. மங்கை கொடுத்த சுண்டலை ஒரு கடலை விடாமல் சாப்பிட்டார். பிறகு இந்துவும் அவரும் வாசல் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நூலகத்தில் புத்தகத்துக்குள் யாரோ தோசையை அடையாளம் வைத்துவிட்டுப் போனதைப் பற்றி ஏதோ சொன்னார். இந்து சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். தேதிகூடச் சொல்லுவேன்.

கிளம்பும்போது சம்பந்தியம்மா கேட்டார்.

"ஜாதகம் இன்னும் வரலையே சம்பந்தி. போன்ல அனுப்ப முடியலன்னா தாளாவே குடுங்க, பரவால்ல. நாங்க இதுல ரொம்பக் கண்டிப்பு. பொண்ணுக்குச் செவ்வாய் இருக்குன்னுதான் இந்த எடத்துக்கே வந்தோம். சுத்த ஜாதகத்த எடுத்து, நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பாவம் எங்களுக்குல்ல."

பிரின்டரில் மை காய்ந்துவிட்டது என்று சொன்னேன். மை காயவில்லை.

செப்டம்பர் 24, புதன்

எந்த நூலைப் புரட்டினாலும் ஒன்றையேதான் சொல்கிறது. ஒருவருக்கு இருந்து இன்னொருவருக்கு இல்லாவிட்டால், இல்லாதவருக்குத்தான் கெடுதல். அன்று தினகரின் உயிருக்குப் பயந்தேன். இப்போது என் பெண்ணின் உயிருக்குப் பயப்படுகிறேன். வாயைத் திறந்தால் கல்யாணம் நின்றுபோகும். திறக்காவிட்டால் சாரதாவுக்குச் செய்ததையே இவளுக்கும் செய்தவன் ஆவேன். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மங்கை அரிவாள்மனை, தையல் மெஷின், என் சைக்கிள், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு செவ்வந்திப் பூவை வைத்தாள். நான் கும்பிடாமல் தள்ளி நின்றேன்.

"பிரின்டருக்குப் புது மை கார்ட்ரிட்ஜ் வாங்கிட்டு வரவாப்பா?" என்று இந்து கேட்டாள்.

"வேணாம்மா. அது பழைய மாடல், கிடைக்காது."

"பெனடிக்ட் சார் கடையில மூணு இருக்காம். கேட்டுட்டேன்."

பொரியைத் தின்றுகொண்டே அவள் என்னையே பார்த்தாள். நான் விபூதித் தட்டை எடுத்து உள்ளே வைக்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மங்கையிடம் சொல்லிவிட்டேன். இந்து தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மங்கை, கேட்டு முடிக்கும் வரை கையை நிறுத்தவில்லை.

"அப்ப தினகர வேணாம்னு சொன்னது?" என்று கேட்டாள்.

"தப்பு."

"ஊட்டியில டீச்சரா இருந்தானே, அந்தப் பையன்?"

"அதுவும்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நறுக்கிய காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்து அறைக்குள்ளிருந்து சொன்னாள்: "என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது. அவகிட்ட சொல்லுங்க."

மத்தியானம் அவரைக்காய்ப் பொரியலை நான்தான் செய்தேன். கருகிவிட்டது.

அக்டோபர் 8, புதன்

இன்று இந்துவுக்கு விடுமுறை. காலை எட்டு மணிக்கு அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"இந்து, உன் ஜாதகத்துல ஒரு பிழை இருக்கும்மா."

"மஸ்கட் நேரம்தானே?" என்றாள்.

மவுஸை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"தினகர் சமயத்துலயே ஒங்ககிட்ட கொண்டாந்து காட்டுனேன்லப்பா. போன்ல ரெண்டு எடத்துல போட்டுப் பாத்தேன், ரெண்டுலயும் தனுசு. பிரிண்ட் எடுத்துட்டு வந்தேன். 'போன்ல வர்றதெல்லாம் ஜாதகமா, போய் வேலையப் பாரு'ன்னீங்க. தாள நாலா மடிச்சு கீபோர்டுக்கு அடியில வெச்சீங்க. மறுநா பாத்தா காணும்."

இதை எழுதித்தான் ஆக வேண்டும். அந்தத் தாளை நான் பார்த்தேன். தனுசு என்று போட்டிருந்ததையும் பார்த்தேன். அன்று சாயங்காலம் எடுத்துக் கிழித்துப் போட்டேன். அதற்கு முந்தின நாள்தான் தினகரிடம் முடியாது என்று சொல்லியிருந்தேன். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. போன் தப்பாகக் காட்டும் என்று சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நாள் போனதும், பார்க்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டேன். இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

"ஏம்மா அப்பவே எங்கூட சண்ட போடல?"

"போட்டிருக்கணும். ஒரு வருஷம் ஒங்க மூஞ்சியப் பாத்தாலே எரியும். அப்புறம் தினகர் பத்திரிகை வந்துச்சு. அதுக்கு மேல சண்ட போட்டு யாருக்கு என்ன?" ஸ்டூலின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "அப்புறம் எனக்குப் புடிக்காத மாப்பிள்ளைங்க வந்தப்பல்லாம் அந்தச் செவ்வாய்தான் காப்பாத்துச்சு. அதையும் சொல்லணும்ல."

"இந்தச் சம்பந்தம் வேணாம்மா. அவருக்கு எட்டுல இருக்கு. ஒனக்கு இல்ல. ஒங்கத்தைக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல."

"அத்தை ரத்தப்போக்குல போனாங்கப்பா. அந்த ஆஸ்பத்திரியில அன்னைக்கு ரத்தம் இல்ல. செவ்வாயால இல்ல."

நாற்பத்து நான்கு வருஷத்தில் என்னிடம் இதை இப்படி யாரும் சொன்னதில்லை. கோபம் வந்தது.

"மணிவாசகத்துக்குத் தெரியுமா?"

"மொத தடவ பேசுனப்பவே சொல்லிட்டேன். அப்ப நான் தப்பிச்சேன், நீங்கதான் மாட்டிக்கிட்டீங்கன்னாரு. அவங்கம்மாவுக்குத்தான் தெரியக் கூடாது. தெரிஞ்சா நிறுத்திருவாங்க. அவங்களும் ஒங்கள மாதிரிதான்."

பிறகு என் கையைப் பிடித்தாள். நோயாளிகளின் கையைப் பிடித்துப் பழகிய பிடி, வலுவாக இருந்தது.

"இந்தப் பழசுலயே பிரிண்ட் எடுத்துக் குடுங்கப்பா. எனக்கு அவரப் புடிச்சிருக்கு. இதுவரைக்கும் ஒங்ககிட்ட நான் கேட்டு நீங்க குடுக்காதது ஒண்ணே ஒண்ணுதான். அத ரெண்டாக்காதீங்க."

"தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிம்மா குடுக்குறது?"

"பத்தொம்பது வருஷமா தப்பான கட்டத்துல நல்லாத்தான இருக்கேன். இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கொடுத்தாள்.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் மலைக்கோட்டை வரை நடந்தேன். மேலே ஏறாமல் திரும்பிவிட்டேன். மங்கை இன்று பேசினாள். "சாப்பிடுங்க" என்றாள்.

மத்தியானம் சாரதாவின் போட்டோவை இறக்கித் துடைத்தேன். இந்து சொன்னது உண்மைதான். அன்று ரத்தத்துக்காக டாக்டர் இரண்டு தடவை கேட்டார். தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பினோம். ஆள் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஆள் நான்தான். பஸ் தாமதம். இதை நான் யாரிடமும் பேசியதில்லை. செவ்வாயைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

ஆனாலும் பயம் போகவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பதினேழு நிமிடம். இதுவரை இவ்வளவு ஆனதில்லை. அந்தப் பதினேழு நிமிடமும் நானும் இந்துவும் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மங்கை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

புரோகிராம் திறந்தது. இந்துவின் பெயரை எடுத்தேன். ஊர் மஸ்கட். நேர வித்தியாசம் 5.30. அம்புக்குறியைக் கொண்டுபோய் அந்தக் கட்டத்தில் வைத்தேன். மாற்ற ஒரு நொடி போதும். இந்து மூச்சை இழுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. அவள் தடுக்கவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

அச்சு வேலை பதினொரு பக்கம். இரண்டாம் பக்கத்தில் தாள் சிக்கியது. இந்து பொறுமையாக உருவி எடுத்தாள். மீதி ஒழுங்காக வந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் 'கணித்தவர்: சி. சதாசிவம்' என்று அச்சாகும். அதற்கு மேல் நான் கையெழுத்துப் போட்டால்தான் ஜாதகம். 341 ஜாதகத்திலும் போட்டிருக்கிறேன். பேனாவை எடுத்துத் திறந்தேன். திரும்ப மூடினேன்.

"போடுங்க" என்றாள் மங்கை.

போட்டேன். கோணலாக வந்தது. இந்து தாள்களைத் தட்டி அடுக்கி உறையில் போட்டு, ஓரத்தில் மஞ்சள் தடவினாள். தாங்க்ஸ்ப்பா என்று சொல்லிவிட்டு, பதினொரு மணி பஸ்ஸில் புதுக்கோட்டைக்குக் கிளம்பினாள். அவளே நேரில் கொடுத்துவிடுகிறாளாம். பஸ் ஸ்டாண்டு வரை நானும் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் படாத பக்கம்தான்.

திரும்பி வரும்போது பெனடிக்ட் கடையில் நின்று, அன்றைக்குக் கடுமையாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். உங்கள் புரோகிராம் சரியாகத்தான் இருந்தது என்றும் சொன்னேன். தை முடிந்ததும் புதுப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கல்யாணம் முடியும்வரை பழசே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு சாமி படத்தின் முன் நின்றேன். வழக்கமாக என்ன வேண்டுவது என்று யோசித்ததே இல்லை, தானாக வந்துவிடும். இன்று கொஞ்ச நேரம் பிடித்தது. இத்தனை வருஷம் நான் படித்ததெல்லாம் பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.